தங்கத்துக்கு ஒரு பக்கம்தான்

ஜூன் 3, செவ்வாய்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இருபத்திரண்டு வருடம். இனி எழுதி வைப்பேன். யாருக்கும் காட்ட அல்ல; தேதி போட்டு ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான்.

சங்குமுனை மாதா கோயிலில், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அரைக்குவிமாடத்தில், கண்ணாடிச் சில்லுகளால் ஆன ஒரு கிறிஸ்து படம் வரப்போகிறது. கிழக்கு ரோமப் பேரரசின் பழைய பைசாந்தியக் கோயில்களில் இருப்பது போல: தங்கப் பின்னணி, மார்பளவு உருவம், இடக்கையில் மூடிய புத்தகம், வலக்கையால் ஆசீர். யோசனை என்னுடையது. இரண்டு வருடத்துக்கு முன் பங்குத்தந்தை வியான்னியிடம் சொன்னவன் நான். படம் வரையும் பொறுப்பு கஸ்பார் கொரேராவுக்குப் போய்விட்டது என்று இன்று அவரே போனில் சொன்னார். வரைந்து அனுப்பியும் ஆயிற்றாம். கஸ்பார் சென்னையில் பெரிய ஆள், பத்துக் கோயில்களுக்குச் செய்தவர், நீங்களும் அவரும் ஒரே விடுதி அறையாமே, உங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார் என்றார்.

நல்லவிதமாக.

மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

கஸ்பாரைப் பற்றிய கணக்கை இங்கே ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

1998-ல் மூன்று மாத உதவித்தொகையில் இத்தாலிக்குப் போனேன். ராவென்னா என்ற ஊரில், ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழைய கோயில் சுவர்களை எண்பது ஸ்லைடுகளாக எடுத்தேன். பல நாள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு பிலிம் வாங்கினேன். 2003-ல் கஸ்பார் இரண்டு வாரத்துக்கு என்று அவற்றை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வருடம் கோயில் ஓவியங்களைப் பற்றி அவன் போட்ட புத்தகத்தில் முப்பத்தாறு படங்கள் என்னுடையவை. அடியில் ‘ஆசிரியரின் சேகரிப்பிலிருந்து’ என்று இருந்தது. அவன் அந்தப் புத்தகத்தால் வளர்ந்தான். நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். துறைத் தலைவர் பதவிகூட என்னைவிட ஆறு வயது இளையவருக்குப் போயிற்று.

ஸ்லைடுகள் திரும்பி வரவில்லை. நான் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனாகத் தர வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

சில்லு ஒட்டும் வேலை நம் ஊரில்தான் நடக்கிறது, உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றில். கல்லூரி முடிந்து போய்ப் பார்த்தேன். சந்தியாகு மேஸ்திரியும் ஆறு பெண்களும். பல கோயில்களுக்குப் பூவும் நட்சத்திரமும் கதிர்களுமாகச் செய்த கைகள். மனித உருவம் இதுதான் முதல் தடவை.

வேலை நடக்கும் விதம் இது. படத்தின் கோடுகளைத் தடித்த பிரவுன் தாளில் எடுத்து, சில்லுகளை மைதாப் பசையால் முகம் கீழாக அதன்மேல் ஒட்டுவார்கள். காய்ந்ததும் தாளைப் பலகையளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பலகைமேல் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுகளின் முதுகைச் சுவரிலுள்ள ஈரக் கலவையில் அழுத்துவார்கள். பிறகு தாளை நனைத்து உரித்தால் முகம் தெரியும். ஆகவே தாளிலுள்ள படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி இருக்க வேண்டும். தாளில் நேராக இருந்தால் சுவரில் மாறிவிடும்.

கஸ்பார் அனுப்பிய கோட்டுப்படம் நேராக இருக்கிறது.

உள்ளே நுழைந்த ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டேன். சங்குமுனைக் கோயிலில் கிறிஸ்து இடக்கையால் ஆசீர் கொடுக்கப்போகிறார்.

பூவையும் நட்சத்திரத்தையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். அதனால் இவர்களுக்கு இந்தப் பிரச்சினை இதுவரை வந்ததே இல்லை. பட்டறையில் மாற்றிக்கொள்வார்கள் என்று கஸ்பார் நினைத்திருப்பான். மாற்றித்தான் அனுப்பியிருப்பார் என்று மேஸ்திரி நினைத்திருப்பார். படத்தில் ஓர் எழுத்து இருந்தால்கூடப் பிடிபட்டிருக்கும். தலைக்கு இருபுறமும் வர வேண்டிய கிரேக்க எழுத்துகளை, யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்று ஃபாதர் வேண்டாம் என்றுவிட்டார். புத்தகமும் மூடியிருக்கிறது.

நான் அந்த வேலையில் இல்லாதவன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

ஜூன் 7, சனி

லாரி வரவில்லை.

ஜூன் 14, சனி

மறுபடியும் கிட்டங்கிக்குப் போனேன். எதற்கு என்று எமெலி கேட்டாள். என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்டு வீட்டிலும் அதே பழக்கம். கலை வரலாறு என்றேன்.

முகம் முடிந்துவிட்டது. அதாவது, முகத்தின் முதுகு. அந்தப் பெண்கள் நிறத்தில் காட்டும் நுணுக்கம் எனக்கு வியப்பாக இருந்தது. கன்னத்தில் ஒரு பச்சைச் சில்லு வைத்து நிழல் காட்டுகிறார்கள். பைசாந்தியத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மூத்தவள் ரெஜினா. பேசிக்கொண்டே ஒட்டுவாள். ஆண்டவருக்கு மூக்கு எங்க மாமியார் மூக்கு மாதிரி வந்துட்டு, இனி திட்டவும் முடியாது என்றாள்.

நான் அவர்களுக்குச் சில்லுப் படத்தின் கதையைச் சொன்னேன். ரோமர்கள் இதைத் தரையில் போட்டார்கள். மீன்கள்மேலும் நாய்கள்மேலும் கடல் தெய்வங்கள்மேலும் நடந்து போனார்கள். பின்னால் வந்த பைசாந்தியர்கள்தான் அதை மொத்தமாகச் சுவருக்கும் கூரைக்கும் ஏற்றினார்கள். கல் போய்க் கண்ணாடி வந்தது. தடித்த அடிக்கண்ணாடிக்கும் மெல்லிய மேல்கண்ணாடிக்கும் நடுவே தங்கத் தகடு வந்தது. சில்லுகளைச் சமமாகப் பதிக்காமல் ஒவ்வொன்றையும் லேசாகச் சாய்த்துப் பதித்தார்கள். விளக்கு ஆடினால் சுவரும் ஆடும். மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். தாள்மேல் ஒட்டினால் எல்லாம் மட்டமாகத்தான் வரும், அந்த ஆட்டம் நமக்குக் கிடைக்காது என்று வருத்தப்பட்டார்.

கல்லூரியில் இவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டு வருடங்கள் ஆகின்றன.

ஜூன் 19, வியாழன்

இரண்டாம் ஆண்டு வகுப்பு. ஆசீர் தரும் கையின் விரல்களைப் பற்றி நடத்தினேன். ரோமாபுரியில் மேடையேறியவன் பேசத் தொடங்குமுன் வலக்கையை அப்படி உயர்த்துவான். பேசப்போகிறேன், கேளுங்கள் என்று அர்த்தம். அந்தக் கைதான் பிற்காலத்தில் ஆசீர் கொடுக்கும் கையானது என்று சொல்வார்கள் என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், கையைத் தூக்கிவிட்டுப் பேசாமலே இருந்தால் என்ன அர்த்தம் சார் என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வருகைப் பதிவை எடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் தப்பு கஸ்பாருடையது. அவன் பெயரில் அது சுவரில் நிற்கும். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குக் கடற்கரை ஊர்கள் எல்லாம் வரும். இடக்கையால் ஒரு பொட்டலம் நீட்டினாலே வாங்காத சனம். யாராவது ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். போதும்.

அந்த நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

சங்குமுனையில் பூசைக்குப் போயிருந்தோம். எமெலியின் வேண்டுதல். பூசை முடிவில் ஃபாதர் வியான்னி அறிவிப்புகளைப் படித்தார். குவிமாடப் படம் ஜூலை 10-ஆம் தேதி சுவரில் ஏறத் தொடங்கும் என்றார். பிறகு, ‘பைசாந்தியக் கலையில் ஆய்வு செய்த பேராசிரியர் தெயோபில் மச்சாது அவர்களே நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன படம் இது’ என்றார். என் பக்கம் கை காட்டினார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து கும்பிட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் என் பெயரை ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 6 குறிப்பில் ஒன்று தப்பாக எழுதியிருக்கிறேன். திருத்துகிறேன். கேட்டார்கள். மேஸ்திரி கோட்டுப்படத்தை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, ‘சார், இத அப்படியே ஒட்டலாமா’ என்று கேட்டார். நான் ‘அழகா இருக்கு’ என்றேன்.

அது பொய் இல்லை. அழகாகத்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மோட்டார் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் விடுப்பில் போனதால் எமெலிக்குக் கூடுதல் வேலை. ராத்திரிச் சமையல் நான். ரசத்தில் உப்பு போடவில்லை.

சொல்லிவிடலாம். ஆனால் எப்போது கண்டுபிடித்தேன் என்று கேட்பார்கள். இன்றுதான் என்றால் நம்புவார்களா? அதற்குள் இருபது பலகை முடிந்திருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் சந்தியாகு மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கையில் ஊளி மீன். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“வியாழக்கிழம மொதப் பலகைய நீங்கதான் சார் வைக்கணும். ஃபாதர்ட்ட சொல்லிட்டேன்.”

அது கஸ்பார் செய்ய வேண்டியது என்றேன்.

“அவிய பெரிய ஆளு. திருவிழாவுக்கு வருவாவ. வந்து வந்து பாத்தது நீங்கதான. எங்களுக்கு ஆளு வரைய தெரியாது சார், மொத நாளு கையெல்லாம் நடுங்கிச்சு. சார் பாத்துட்டாவன்னுதான் ஒட்டவே தொடங்குனோம்.”

படத்தின் கீழே ஒரு சின்னக் கல்லில் அவர்கள் ஏழு பேருடைய பெயரையும் வெட்டிக்கொள்ள ஃபாதர் அனுமதி கொடுத்திருக்கிறாராம். எமெலி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

கல்லில் ஏழு பேர். இடக்கைக்குக் கீழே. வருகிறவர்களெல்லாம் வாசிப்பார்கள். இதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. கஸ்பார் சென்னைக்குப் போய்விடுவான். இவர்கள் இந்தக் கரையிலேயே அடுத்த வேலை தேட வேண்டும்.

எமெலி மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “ஒரு மாசமா என்னத்த முழுங்கிட்டு இருக்கிய?”

சொன்னேன். முழுவதும். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“நாளைக்கு காலைல காலேஜுக்கு லீவு சொல்லிருங்க” என்றாள். மீன் நன்றாக இருந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 7, திங்கள்

எட்டரைக்கே கிட்டங்கிக்குப் போய்விட்டேன். பெண்கள் இன்னும் வரவில்லை. மேஸ்திரி பலகைகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் கைக்கண்ணாடி ஒன்று கொண்டுபோயிருந்தேன், எமெலியுடையது. பலகைகள்மேல் அதைப் பிடித்து, சுவரில் இப்படித்தான் தெரியும் என்று காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி பார்த்தார். பிறகு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“சார் இத எப்பப் பாத்திய?”

அந்தக் கேள்விக்கு ஒரு வாரமாகத் தயார் செய்த பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

“நீங்க படத்த விரிச்ச அன்னைக்கே பாத்துட்டேன். கஸ்பார் மேல இருந்த கோவத்துல சொல்லாம விட்டுட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சிவப்புச் சில்லு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். வெளியே உப்பு லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.

“எங்க மேல என்ன சார் கோவம் உங்களுக்கு?” என்றார்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சில்லைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். எழுந்து வெளிச்சத்துக்குப் போனார்.

“ரெண்டு பக்கமும் ஒரே செவப்பு.”

எனக்கு விளங்கவில்லை.

“கண்ணாடி முழுக்க ஒரே நெறம் சார். முதுகும் முகந்தான். மேல அகலமா ஒட்டுற பிளாஸ்டிக் தாள போட்டு, பலகையோட கவுத்தி, இந்தப் பக்கத் தாள நனைச்சு உரிச்சுட்டா, முதுகு முகமாயிரும். படம் நேராயிரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “தங்கத்துக்குத்தான் ஒரு பக்கம். அத ஒண்ணொண்ணா திருப்பணும்.”

ஒரு மாதமாக உலகம் இடிந்து விழும் என்று நான் சுமந்திருந்ததை அவர் பத்து நிமிடத்தில் இறக்கி வைத்தார். கண்ணாடியின் நிறம் ஊடுருவி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். சரிசெய்ய வழி உண்டா என்று நான் தேடவே இல்லை.

தங்கச் சில்லு இருபத்து மூவாயிரம். ஃபாதருக்குப் போன் செய்து, பசை காயவில்லை, மூன்று வாரம் கூடுதலாக வேண்டும் என்றார் மேஸ்திரி. என் பெயரைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு முகம் இறுக்கமாகவே என்னிடம் கேட்டார்.

“கை நடுங்காதுல்லா உங்களுக்கு?”

நடுங்காது என்றேன். ஒரு இடுக்கியைக் கொடுத்து உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். எமெலி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 9, புதன்

முதல் பலகையைக் கவிழ்த்தோம். தாள் முழுசாக உரிந்து வந்தது. ஒரு சில்லுகூட விழவில்லை.

பெண்களிடம் மேஸ்திரி என்ன சொன்னார் என்று தெரியவில்லை. முதல் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. இன்று சாயங்காலம் ரெஜினா என் சில்லுத் தட்டில் எட்டிப் பார்த்தாள். “நாங்க ஆளுக்கு எரநூறு திருப்பியாச்சு. வாத்தியாரு நாப்பத்தி ஒண்ணு. பாஸ் மார்க்குக்கே இன்னும் ரெண்டு தாலுகா தள்ளிப் போணும்.”

அவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 19, சனி

கல்லூரி முடிந்து தினமும் போகிறேன். இன்று நூற்றுப் பன்னிரண்டு. கழுத்து வலிக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கடைசிப் பலகை சுவரில் ஏறிவிட்டது. முதல் பலகையை ரெஜினா வைத்தாள். நானாக வேண்டாம் என்றேன்; மேஸ்திரியும் வற்புறுத்தவில்லை.

இன்று பிளாஸ்டிக்கை உரித்தார்கள். எனக்கு ஒன்று தோன்றாமலே போயிருந்தது. தாளில் அழுந்திய முகங்கள்தான் மட்டமாக இருந்தவை. முதுகுகள் மேடும் பள்ளமுமாக, ஒவ்வொன்றும் ஒரு திசையில் சாய்ந்தே இருந்தன. இப்போது அந்த முதுகுகள்தான் வெளியே; ஒவ்வொன்றாகக் கையால் திருப்பிய தங்கமும் அப்படியே சாய்ந்து நின்றது. சாயங்கால வெயில் பக்கக் கதவு வழியாக வந்தபோது நான் இரண்டடி நடந்தேன். தங்கம் என்னோடு நகர்ந்தது. ராவென்னாவில் பார்த்ததுபோல இருந்தது என்று எழுத ஆசை. அதைவிடக் கொஞ்சம் முரடு. மூக்கு ரெஜினாவின் மாமியாருடையதேதான்.

கிறிஸ்து வலக்கையைத் தூக்கியிருக்கிறார்.

மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். “ஆடுது சார்” என்றார். ஒரு மாதத்துக்குப் பின் முகம் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

திருவிழா. கூட்டம் வெளி முற்றம் வரை. ஆயர் வந்து செபம் சொல்லிப் படத்தை மந்திரித்தார். கஸ்பார் சில்க் ஜிப்பாவில் வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மேடையில் பேசினான். ஒளி நகர வேண்டும் என்பதற்காகவே சில்லுகளைச் சாய்வாகப் பதிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தேன் என்றான். என் பக்கத்தில் நின்ற மேஸ்திரி மெதுவாக, உங்க கூட்டாளி நல்லாத்தான் கத சொல்லுதாவ என்றார். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புதான் வந்தது, அதை இருமலாக மாற்றினேன்.

அசனச் சாப்பாட்டுப் பந்தலில் கஸ்பார் என்னைத் தேடி வந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“தெயோ, ஒண்ணு கேக்கணும்டா. கோட்டுப்படத்த நான் திருப்பாமலே அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சுதான் உறைச்சுது. சாப்பாடு இறங்கல. அசிங்கமா இருக்குமேன்னு போன் போடவும் மனசு வரல. அப்புறம் ஃபாதர் பேசினப்ப, தெயோபில் சார் பாத்துட்டார்னு சொன்னார். தெயோ பாத்துட்டான்னா தப்பு இருக்காதுன்னு விட்டுட்டேன். நீதான சரி பண்ணின?”

என் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கும் வரை எனக்கு நேரம் இருந்தது.

“மேஸ்திரி சரி பண்ணினார்” என்றேன். “நான் தங்கம் திருப்பினேன்.”

அவனுக்குப் புரியவில்லை. தோளில் தட்டிவிட்டு ஆயரிடம் போய்விட்டான். ஸ்லைடுகளைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் அவனும் நானும் ஒரே தப்பைத் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு ஊரில், ஒரே மாதம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். இதை வைத்துக்கொண்டு இனி அவனிடம் பழைய மாதிரி கோபப்படுவது கஷ்டம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பங்கு மடலின் அடுத்த இதழுக்குப் படத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம் என்று பூசையில் சொன்னார்கள். வந்து உடனே உட்கார்ந்தேன். முதலில் நான்கு பக்கம் வந்தது. அதில் இரண்டு கஸ்பாரைப் பற்றி, ஒன்று என்னைப் பற்றி. மீதி ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதில் இருப்பது இவ்வளவுதான். ரோமர்கள் காலடியில் போட்டதைப் பைசாந்தியர்கள் தலைக்குமேல் ஏற்றினார்கள். இந்தப் படத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டாம். சாயங்காலப் பூசைக்குக் கால்மணி நேரம் முன்னால் வந்து, இடப்பக்கக் கதவிலிருந்து வலப்பக்கக் கதவு வரை மெதுவாக நடந்து பாருங்கள். தங்கச் சில்லு இருபத்து மூவாயிரமும் ஒவ்வொன்றாகக் கையால் திருப்பி வைக்கப்பட்டவை. செய்தவர்கள் சந்தியாகு, ரெஜினா, கித்தேரி, பிரகாசி, இசபெல், செலஸ்தீனா, ஞானசௌந்தரி. படத்தைத் தப்பாகத் தொடங்கி, பாதியில் தெரிந்துகொண்டு, ஒரு சில்லையும் வீணாக்காமல் சரிசெய்தார்கள். அப்படிச் செய்ததால்தான் அது ஆடுகிறது. முதல் நாளே தப்பைப் பார்த்த ஒருவர் ஒரு மாதம் சொல்லாமல் இருந்தார், அதையும் எழுதியிருக்கிறேன். மேஸ்திரியிடம் படித்துக் காட்டினேன். அந்தக் கடைசி வரி வேண்டுமா சார் என்றார். இருக்கட்டும் என்றேன்.

கீழே முனைவர் தெயோபில் மச்சாது என்று எழுதி, பட்டங்களையும் போட்டேன். எவ்வளவோ காலமாக அச்சில் பார்க்க நினைத்த பெயர். அது அங்கே இருந்தால் மடலைப் பிரித்ததும் நான் அதைத்தான் முதலில் தேடுவேன், ஏழு பேரை அப்புறம்தான் வாசிப்பேன் என்று தெரிந்தது. பக்கத்தை வேறு தாளில் மறுபடி எழுதினேன்.

“கையெழுத்த பாத்தாலே ஃபாதருக்குத் தெரியுமே” என்றாள் எமெலி.

தெரியட்டும். அச்சில் தெரியாது. உறையை ஒட்டிவிட்டேன். பெயர் போடாமலே நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன்.